ஆறு அளந்தவள் சொல்லிக்கொண்டு போனது

மோகினி வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு நீந்தத் தெரியாது. ஆற்றில் இறங்கி அளக்கிற வேலைக்கு நீந்தத் தெரியாதவளை எப்படி எடுத்தார்கள் என்று கேட்கலாம். நேர்முகத்தில் "நீந்துவியா?" என்றார்கள், "நீந்துவேன்" என்றாள், எடுத்துக்கொண்டார்கள். பீஜியின் லோவுவில் கரும்புக் காட்டுக்கு நடுவே வளர்ந்த பெண்ணுக்கு அதுவரை தெரிந்த தண்ணீர் கிணற்றிலும் குழாயிலும் வந்ததுதான்.

இது எண்பத்தாறில் நடந்தது. ஆறாம் பாரத்தில் கணக்கிலும் பௌதிகத்திலும் நல்ல மார்க். டீச்சர் வேலைக்குப் போ என்றார் அப்பா கோவிந்தசாமி. லௌட்டோக்காவில் இருந்த நீரியல் அலுவலகத்துக்குப் பயிற்சி ஆள் வேண்டும் என்று பத்திரிகையில் பார்த்து, வீட்டில் யாரையும் கேட்காமல் விண்ணப்பம் போட்டாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு கத்திக்கொண்டிருக்க அவளுக்குப் பொறுமை கிடையாது. உண்மையான காரணம் அதுதான். ஆற்றின் மேல் காதல், இயற்கையின் மேல் ஈர்ப்பு என்றெல்லாம் பிற்பாடு யாராவது கேட்டால் சொல்ல வைத்திருந்தது.

முதல் வாரமே குட்டு உடைந்தது. பெரிய அதிகாரி ஷைலேந்திரா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு "வாம்மா" என்கிறார், இவள் கரையில் மரம் மாதிரி நிற்கிறாள். அவர் திட்டவில்லை. "ஒரு மாசம் தரேன், கத்துக்கிட்டு வா. இல்லாட்டி ஆபீஸ்ல உக்காந்து பேப்பர் தைக்கலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் சவேனி கடற்கரையில் சல்வார் கமீஸோடு இறங்கி, உப்புத் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்து, ஒரு வழியாக மிதக்கக் கற்றுக்கொண்டாள். கோவிந்தசாமி மகள் மீன் பிடிக்கவா வேலைக்குப் போயிருக்கிறாள் என்று லோவுவில் பெண்கள் கேட்டுக்கொண்டார்கள்.

அந்த வேலை என்னவென்று கடைசிவரை லோவுவில் யாருக்கும் பிடிபடவில்லை. தண்ணீர் பில் சரியில்லை என்று அவளிடம் வந்து புகார் சொன்னவர்கள் உண்டு. கிணறு எங்கே தோண்டலாம் என்று தேங்காயோடு வந்தவர் ஒருவர். அவள் செய்தது இவ்வளவுதான்: ஆற்றில் எண் போட்ட பலகையை நட்டு நீர்மட்டத்தைப் பார்ப்பது. ஆற்றை அகலவாக்கில் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஆழத்தையும், சின்னச் சுழலி வைத்த கருவியால் வேகத்தையும் அளப்பது. துண்டின் அகலத்தோடு இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தெரியும். கோடையிலும் மழையிலும் இதைத் திரும்பத் திரும்பச் செய்து ஒரு வளைகோடு வரைந்துவிட்டால், அப்புறம் மட்டத்தைப் பார்த்தே தண்ணீரைச் சொல்லிவிடலாம். மலையில் மட்டம் இவ்வளவு ஏறினால் கீழே கடைத்தெருவில் எப்போது, எவ்வளவு வரும் என்றும் சொல்லலாம்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற பிள்ளைகள் கணக்கும் பௌதிகமும் பூகோளமும் படித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். படிக்கத்தான் வேண்டும். பட்டம் இல்லாமல் பயிற்சி ஆளாக நுழையலாம், ஆனால் மேலே ஏற முடியாது. மோகினியே வேலை பார்த்துக்கொண்டே சுவா பல்கலைக்கழகத்தில் தபால்வழி படித்து, வருடக்கணக்கில் இழுத்துப் பட்டம் வாங்கினாள். நடுவில் நியூசிலாந்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஆனால் புத்தகத்தில் இல்லாத பாதி இருக்கிறது. முதல் இரண்டு வருடம் பலகையில் பாசி சுரண்ட வேண்டும். மழை வந்தால் உலகமெல்லாம் வீட்டுக்குள் ஓடும்போது நீ வெளியே ஓட வேண்டும். அட்டைக்கு அருவருப்புப் படக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், ஆறு ஓடுகிற இடம் யாருடையது என்று தெரிந்திருக்க வேண்டும். பீஜியில் மலை நிலம் பூர்வகுடிகளான இத்தௌக்கே மக்களுடையது. அவர்களைக் கேட்காமல் அங்கே ஒரு ஆணி அடிக்க முடியாது.

வேலைக்குச் சேர்ந்த மறுவருடம், இந்திய வம்சாவளி ஆட்கள் நிறைந்திருந்த அரசாங்கத்தைக் கவிழ்த்து ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. செப்டம்பரில் மறுபடியும் பிடித்தது. ஊரில் பாதிப் பேர் வெளிநாட்டுக்குக் கிளம்பத் தொடங்கினார்கள். கிளம்பினார்கள் என்றால் சொல்லிக்கொண்டா? அது நம் ஆட்களின் தனி வித்தை. விசாவுக்கு எழுதிப் போட்டதை அண்ணன் தம்பிக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். கண் பட்டுவிடும், யாராவது மொட்டைக் கடிதம் போட்டுவிடுவார்கள், கடைசி நிமிஷத்தில் நின்றுபோனால் மானம் போய்விடும். வெள்ளிக்கிழமை மாலை உன்னோடு யங்கோனா வேர்ச்சாறு குடித்துச் சிரித்தவன் திங்கட்கிழமை வான்கூவரில் இருப்பான். ஷைலேந்திராவும் அப்படித்தான் போனார். ஒரு திங்கள் காலை அவர் நாற்காலி காலியாக இருந்தது, மேஜையில் டீ கோப்பை கழுவாமல் கிடந்தது.

மோகினிக்குக் கோபம் தலைக்கேறியது. "சொல்லிட்டுப் போனா ஏரோப்ளேன் விழுந்துடுமா?" என்று டிரைவர் அப்பல்சாமியிடம் கத்தினாள். அப்பல்சாமி யார் மேலும் கோபப்படாத மனிதர். "எல்லாருக்கும் பயம்தான்மா" என்றார்.

மேலே இருந்தவர்கள் போகப் போக அவள் நாற்காலி தானாக உயர்ந்தது. கெட்டிக்காரிதான், மறுக்கவில்லை. ஆனால் ஆள் இல்லாத வீட்டில் யாராவது ஒருவர் விளக்கேற்றத்தானே வேண்டும். முப்பது வயதாகும் முன்னே மேற்குப் பக்கத்து ஆறுகள் பூராவும் அவள் பொறுப்புக்கு வந்தன. இதற்கிடையில் லௌட்டோக்காவில் வரைபடம் போடும் வேலையில் இருந்த தேவேந்திராவைக் கல்யாணம் செய்துகொண்டாள். மிதுன் பிறந்தான்.

அவளுடைய ஆறுகளில் முக்கியமானது நாந்தி ஆறு. அதன் தலைமாட்டில், மலைக்குள், வைலோமா என்றொரு கிராமம். அங்கே ஒரு அளவு நிலையம் வைத்தால் நாந்தி கடைத்தெருவுக்குச் சில மணி நேரம் முன்னால் வெள்ளத்தைச் சொல்லிவிடலாம் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். கண்டுபிடித்தால் போதாது, ஊர் சம்மதிக்க வேண்டும். ஒரு கட்டு யங்கோனா வேரை எடுத்துக்கொண்டு போய், பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஊர்ப் பெரியவர் தொமாசி முன்னால் வைத்தாள். வந்தவர் எதற்கு வந்தார் என்று சொல்லி வேரை வைப்பதை அங்கே செவுசெவு என்பார்கள். வந்தவர் சார்பில் வேறொருவர் பேசுவதுதான் மரியாதை என்பதால் அப்பல்சாமி அவளுக்காகப் பேசினார். பெரியவர் கட்டைத் தொட்டு எடுத்துக் கைதட்டினால் சம்மதம். எடுத்தார், தட்டினார். அன்றிலிருந்து அவள் அந்த ஊர்க்காரி. தொமாசியை அவள் "மோமோ" என்றுதான் கூப்பிடுவாள். அவர்கள் பாஷையில் மாமா என்று அர்த்தம்.

தொண்ணூற்று மூன்று ஜனவரியில் பெரும் புயல் வந்தபோது, வைலோமாவிலிருந்து தொமாசியின் மருமகள் மணிக்கொரு தடவை ரேடியோவில் மட்டத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மோகினி அதைக் கேட்டுக் கணக்குப் போட்டுக் கடைத்தெருவைக் காலி செய்யச் சொன்னாள். கடைகள் போயின, ஆட்கள் பிழைத்தார்கள். யாரும் நன்றி சொல்லவில்லை, ஆறு அளப்பவளுக்கு யார் நன்றி சொல்வார்கள்? வைலோமா மட்டும் ஒரு பன்றியை அடித்து அவளை விருந்துக்குக் கூப்பிட்டது. சைவக்காரியான அவள் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு வந்தாள்.

இரண்டாயிரம் மே மாதம் மறுபடியும் ஆட்சி கவிழ்ந்தது. சுவாவில் இந்தியர்களின் கடைகள் எரிந்தன. மலைப்பக்கம் இங்கே வண்டியை மறிக்கிறார்கள், அங்கே மறிக்கிறார்கள் என்று தினம் ஒரு வதந்தி. வெளியே இருக்கிற கருவிகளையெல்லாம் பத்திரமாகக் கொண்டுவந்துவிடுங்கள் என்று மேலிருந்து உத்தரவு. விடியற்காலையில் மோகினியும் அப்பல்சாமியும் வைலோமாவுக்குப் போனார்கள். ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி, பதிவுக் கருவியைக் கழற்றி, ரேடியோவைக் கழற்றி, பலகையையும் பெயர்த்து வண்டியில் போட்டார்கள். ஊர் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அடுப்புப் புகை தெரிந்தது. போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவோமா என்று அப்பல்சாமி கேட்டார். "வேணாம், கிளம்புங்க" என்றாள். பயம்தான். அவளுக்கு அந்த ஊர் ஒரு கெடுதலும் செய்யவில்லை, யார் வண்டியையும் மறிக்கவில்லை. ஆற்றுக்குக் குடம் கொண்டுவந்த தொமாசியின் மருமகள் கையசைத்தாள். வண்டி நிற்கவில்லை.

அந்த மே மாதமே தேவேந்திரா நியூசிலாந்து விசாவுக்கு எழுதிப் போட்டான். வேடிக்கை என்னவென்றால், அவர்களுக்கு வேண்டியிருந்தது அவனை அல்ல, அவளை. ஆறு அளக்கிறவர்களுக்கு அங்கே தட்டுப்பாடு. நவம்பரில் விசா வந்துவிட்டது. பிப்ரவரியில் கிளம்ப வேண்டும்.

"டிக்கெட் கைக்கு வர்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாது" என்றான் தேவேந்திரா.

"அப்பாகிட்ட?"

"அப்பாகிட்டயும்தான். அவர் சந்தோஷத்துல கோயில்ல போய்ச் சொல்லுவார், கோயில் ஊருக்கே சொல்லும்."

அவர் சந்தோஷப்பட மாட்டார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். லோவுவில் அப்பா இப்போது அவள் தம்பி பிரனேஷோடு இருந்தார். கரும்பு நிலத்தின் குத்தகை முடியப் போகிறது, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை மகள் வருவதுதான் அவருக்கு வாரத்தின் ஒரே வேலை. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருப்பதற்கு ஊர் வழக்கம் என்று ஒரு நல்ல சாக்கு இருந்தது. மோகினி அதைப் பிடித்துக்கொண்டாள். ஒரு காலத்தில் ஏரோப்ளேன் விழுமா என்று கத்தியவள்தான்.

மழைக்காலம் வாசலில் வந்து நின்றது. வைலோமாவில் பலகை இல்லை, ரேடியோ இல்லை. வெள்ளம் வந்தால் நாந்திக்கு ஒரு குரலும் வராது. அலுவலகம் ஒரு இளைய அதிகாரியை அனுப்பியது. அவன் போன வேகத்தில் திரும்பி வந்தான். "எடுத்துட்டுப் போனவ வரட்டும்னு சொல்லிட்டாங்க" என்றான். மோகினிக்கு இது எதிர்பார்த்ததுதான். தான் போவதற்குள் அந்தப் பலகையை நட்டுவிட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு. அதை நடாமல் போனால் நியூசிலாந்தில் ஒவ்வொரு மழைக்கும் தூக்கம் வராது என்று அவளுக்குத் தெரியும்.

வழக்கத்தைவிடப் பெரிய கட்டாக யங்கோனா வாங்கிக்கொண்டு போனாள். தொமாசியின் வீட்டில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பல்சாமி அவளுக்காகப் பேசிக் கட்டைப் பாயில் வைத்தார். தொமாசி அதைப் பார்த்தார். தொடவில்லை.

"கோபமா மோமோ?" என்றாள் மோகினி. பாதி அவர்கள் பாஷை, பாதி ஹிந்தி, அவர்கள் எப்போதும் பேசிக்கொள்கிற மாதிரி.

"வரும்போது கேட்டுக்கிட்டு வந்தே. போகும்போது சொல்லாம போனே. வந்தவங்க போகும்போது சொல்லிக்கிட்டுப் போறதுக்கு எங்ககிட்ட ஒரு முறை இருக்கு, உனக்குத் தெரியும்."

"மேலேர்ந்து ஆர்டர் வந்துச்சு."

"எங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு ஆர்டர்ல இருந்துச்சா?"

மோகினி தலை குனிந்தாள். "இல்ல. பயந்துட்டேன்."

"யாரைப் பார்த்து? என் மருமகளைப் பார்த்தா? கை காட்டினாளாம், நீ திரும்பிக்கூடப் பார்க்கலையாம். ரெண்டு நாள் சோறு திங்கல அவ." அவர் குரலை உயர்த்தவில்லை. "சரி, இப்ப பலகையை நடறோம். இன்னொரு தடவை சுவாவுல எவனாவது துப்பாக்கி தூக்கினா?"

இங்கே அவள் "இனிமேல் அப்படி நடக்காது" என்று சொல்லியிருக்கலாம். அவர் கட்டை எடுத்திருப்பார், காரியம் முடிந்திருக்கும். பிப்ரவரியில் அவள் போன பிறகு தெரிந்தால் தெரியட்டும். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வாசலில் தொமாசியின் மருமகள் நின்றிருந்தாள்.

"நான் பிப்ரவரியில நியூசிலாந்து போறேன் மோமோ. குடும்பத்தோட. இனிமே நான் வர மாட்டேன், வேற ஆள் வருவாங்க."

பக்கத்தில் அப்பல்சாமி திரும்பிப் பார்த்தார். பதினான்கு வருடம் அவளைச் சுமந்து வண்டி ஓட்டியவர், அவருக்கும் அப்போதுதான் தெரியும்.

"உங்க அப்பா என்ன சொன்னார்?" என்றார் தொமாசி.

"அவர்கிட்ட இன்னும் சொல்லல."

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. தொமாசி கட்டை இரண்டு கையாலும் எடுத்தார். எடுத்ததைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளாமல் அவள் மடியருகே வைத்தார்.

"பெத்தவர்கிட்ட சொல்லாத சேதியை நாங்க முதல்ல கேட்டுக்கறது மரியாதை இல்ல. வீட்டுல சொல்லிட்டு வா. அப்புறம் பலகையும் நடலாம், நீயும் சொல்லிக்கிட்டுப் போகலாம்."

திரும்பும் வழியில், பெரிய ரோட்டுக்கு வந்ததும் அப்பல்சாமி, "என்கிட்டயும் சொல்லலையேம்மா" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அவரே, "என் பையன் ஷாநீல் மார்ச்ல கனடா போறான். நானும் உங்ககிட்ட சொல்லல" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பு இல்லை.

அன்று மாலையே லோவுவுக்குப் போனாள். வெட்டு முடிந்த காட்டில் அப்பா தோகையைக் குவித்துக்கொண்டிருந்தார். அப்பாவோடு மட்டும்தான் அவளுக்குத் தமிழ், அதிலும் பாதி ஹிந்தி கலந்துவிடும். நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டாள். விசா வந்தது, பிப்ரவரி, மிதுன் பள்ளிக்கூடம், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். வைலோமாவில் நடந்ததையும் சொன்னாள்.

கோவிந்தசாமி கேட்டுக்கொண்டே தோகையைக் குவித்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. தொமாசியைப் பற்றிச் சொன்னபோது மட்டும் கை நின்றது.

"மலைக்கு மறுக்கா எப்ப போற?"

"சனிக்கிழமை."

"நானும் வரேன். என்னை ஏத்திக்க."

அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்கு வந்து மோகினி தேவேந்திராவிடம் அழுதாள். அப்பா கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, இப்படி ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்தது தாங்கவில்லை என்றாள். சொல்லியிருக்கவே வேண்டாம் என்றான் தேவேந்திரா. அவனுக்கு அதுதான் தெரியும்.

சனிக்கிழமை கோவிந்தசாமி கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். மலையேறும் வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். யார் நிலத்தில் கரும்பு நிற்கிறது, யார் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று அப்பல்சாமியோடு பேசினார். மகளோடு பேசவில்லை.

தொமாசியின் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்ததும் அப்பல்சாமி வழக்கம்போலப் பேசுவதற்காகக் வேர்க்கட்டின் பக்கம் கை நீட்டினார். கோவிந்தசாமி அவர் கையை மெதுவாக விலக்கினார். கட்டைத் தன் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார். சின்ன வயதில் இத்தௌக்கே ஆட்களோடு சேர்ந்து கரும்பு வெட்டியவர், அவர்கள் பாஷை அவருக்குத் தெரியும். ஆனால் அதில் இவ்வளவு நீளமாக அவர் பேசி மோகினி கேட்டதில்லை. தப்பும் தவறுமாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"நான் கோவிந்தசாமி. லோவு. இவ என் மகள். போன தடவை உங்ககிட்ட சொல்லாம போனா. அந்தத் தப்பு எங்க வீட்டுத் தப்பு, நாங்க வளர்த்தது அப்படி, மன்னிச்சுடுங்க. இந்தத் தடவை ரொம்ப தூரம் போறா. அங்க போனவங்க யாரும் திரும்பி வந்து நான் பார்க்கல. நான் சாகறப்போ பக்கத்துல இருப்பாளான்னு தெரியாது. போகாதேன்னு சொல்ல எனக்கு ஆசை. மூணு நாளா வாய் வரைக்கும் வருது. சொல்லல. நான் விட்டுட்டேன். நீங்களும் விட்டுடுங்க."

கட்டைத் தொமாசி முன்னால் தள்ளி வைத்தார். தொமாசி அதைத் தொட்டு எடுத்து, தன் மடியில் வைத்துக்கொண்டு, ஆழமாகக் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். பிறகு அவர் தன் மருமகளிடம், போய் அவர்களுக்கு ஆற்றங்கரையில் இடம் காட்டு என்றார்.

அப்பல்சாமி பலகையை இறக்க வண்டிக்குப் போனார். மோகினி எழுந்திருக்கவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், பாயில் உட்கார்ந்தபடியே அழுதாள். கோவிந்தசாமி மகளின் முதுகில் கை வைத்தார்.

"எழுந்திரு" என்றார், தமிழில். "மழை வரப் போகுது. வேலையப் பாரு."